ஆன்லைன் கன்சீல்டு கேரி வகுப்பு: வர்ஜீனியாவில் செல்லுமா? மற்ற மாநிலங்களில்?

வடவர்ஜீனியா_வாசி கேட்டது:

லவுடன் கவுண்டியில் இருக்கிறேன். கிரீன் கார்டு, வயது 34, பெயரில் வழக்கு எதுவும் இல்லை. வீட்டில் 9 எம்எம் கைத்துப்பாக்கி ஒன்று, 15 தோட்டா மேகசின். கன்சீல்டு கேரி பெர்மிட் (துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்ல அனுமதி) எடுக்கலாமென்று தேடினால் ஒரே விளம்பரமாக வருகிறது: ஒரு மணி நேர வீடியோ, கடைசியில் குட்டித் தேர்வு, சர்டிபிகேட் உடனே மெயிலில், "30க்கும் மேற்பட்ட மாநிலங்களில் செல்லும்". ஆபீஸில் இரண்டு பேர் இப்படித்தான் வர்ஜீனியா பெர்மிட் வாங்கியதாகச் சொல்கிறார்கள்.

தெரிய வேண்டியது நான்கு விஷயம். அந்தச் சர்டிபிகேட்டைக் கோர்ட்டில் கொடுக்கலாமா? பெர்மிட் கிடைத்தபின் மேரிலாந்து, டெலவேர் வழியாக நியூஜெர்சி எடிசனில் இருக்கும் அக்கா வீட்டுக்குத் துப்பாக்கியோடு போகலாமா? டென்னசி, ஆர்கன்சா வழியாக டல்லஸுக்கு? டல்லஸில் இருக்கும் தம்பி எச்1பி. அவனையும் துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்கு அழைத்துப் போகலாமா?

சட்டப்புள்ளி எழுதியது:

முதல் கேள்விக்கு: கொடுக்க முடியாது. 2021 ஜனவரி 1 முதல் வர்ஜீனியாவில் ஆன்லைன் பயிற்சி எடுபடாது. 18.2-308.02 பிரிவைத் திருத்தி, கைத்துப்பாக்கியைக் கையாளத் தெரியும் என்பதை நேரில் காட்டியிருக்க வேண்டும் என்று சேர்த்துவிட்டார்கள். உங்கள் ஆபீஸ் நண்பர்கள் சொல்வதும் பொய்யாக இருக்காது. 2020 முடிவதற்குள் ஆன்லைனில் படித்து விண்ணப்பித்தவர்களுக்குப் பெர்மிட் கிடைத்தது. ஏற்கெனவே பெர்மிட் இருந்தவர் புதுப்பிக்கும்போது பயிற்சிச் சான்றை மறுபடி காட்ட வேண்டியதில்லை. ஆகவே அவர்கள் பழைய சான்றின் பலத்திலேயே இன்றுவரை ஓட்டுகிறார்கள். புதிதாக விண்ணப்பிப்பவருக்கு அந்தக் கதவு மூடியாகிவிட்டது.

விளம்பரத்தில் இருக்கும் சூட்சுமம் இதுதான்: சர்டிபிகேட் வேறு, பெர்மிட் வேறு. வகுப்புச் சர்டிபிகேட்டைக் காட்டி எந்த மாநிலத்திலும் மறைத்து எடுத்துச் செல்ல முடியாது. அது விண்ணப்பத்தோடு இணைக்கும் ஒரு தாள், அவ்வளவே. "30 மாநிலங்கள்" என்ற கணக்கில் பெர்மிட்டே தேவைப்படாத மாநிலங்களையும் சேர்த்துக்கொள்வார்கள். 2024 ஜூலையில் லூசியானா சேர்ந்ததும் அப்படிப்பட்ட மாநிலங்கள் மட்டுமே 29 ஆயின. அங்கெல்லாம் இவர்கள் விற்கும் தாளால் ஒரு பயனும் இல்லை.

நீங்கள் செய்ய வேண்டியது இது. நேரில் நடக்கும் வகுப்பு ஒன்றை முடியுங்கள். என்ஆர்ஏ கைத்துப்பாக்கிப் பாதுகாப்பு வகுப்பு, ஹன்டர் எஜுகேஷன் வகுப்பு எல்லாம் சட்டத்தின் பட்டியலிலேயே இருக்கின்றன. சான்றில் வகுப்பின் பெயரும் இன்ஸ்ட்ரக்டர் கையெழுத்தும் தெளிவாக இருக்கிறதா என்று அங்கேயே பார்த்து வாங்குங்கள். பிறகு பெர்மிட்டுக்கான விண்ணப்பம், எஸ்பி-248 படிவம். அதை நோட்டரி போன்ற உறுதிமொழி வாங்கும் அதிகாரம் உள்ளவர் முன்னால்தான் கையெழுத்திட வேண்டும். வீட்டிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனால் திருப்பி அனுப்புவார்கள். லவுடன்காரர்களுக்கு லீஸ்பர்க்கில் உள்ள சர்க்யூட் கோர்ட் கிளார்க் அலுவலகம். கட்டணம் எல்லாம் சேர்த்து 50 டாலரைத் தாண்டக் கூடாது என்பது சட்டம். உள்ளூர்வாசிக்குக் கைரேகை கிடையாது. பெர்மிட் 5 ஆண்டு செல்லும்.

கோர்ட்டுக்கு 45 நாள் அவகாசம். அதற்குள் முடிவு வராவிட்டால், கெடு கடந்துவிட்டதாக விண்ணப்பத்தின் மீதே சான்றளித்து கிளார்க் உங்களுக்கு அனுப்ப வேண்டும். அந்தத் தாள் 90 நாளுக்குத் தற்காலிகப் பெர்மிட்டாக நிற்கும். ஆனால் வெளிமாநிலப் போலீஸ்காரர் அதைப் பார்த்தால் விழிப்பார். அட்டை கைக்கு வரும்வரை வர்ஜீனியாவை விட்டு வெளியே எடுத்துப் போகாதீர்கள்.

கையில் பெர்மிட்டும் அரசு போட்டோ அடையாள அட்டையும் இருக்க வேண்டும், போலீஸ் கேட்டால் இரண்டையும் காட்ட வேண்டும். மது பரிமாறும் உணவகத்தில் மறைத்து வைத்திருந்தால் நீங்கள் ஒரு சொட்டும் குடிக்கக் கூடாது. இன்னொன்று: வர்ஜீனியாவில் 2021 ஜூலையிலிருந்து பெரியவர்கள் ஒரு அவுன்ஸ் வரை கஞ்சா வைத்திருக்கலாம், ஆனால் மத்திய சட்டத்தில் கஞ்சா பயன்படுத்துபவர் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. துப்பாக்கி வாங்கும்போது கடையில் நிரப்பும் 4473 படிவத்தில் இதே கேள்வி வரும். "மாநிலத்தில் லீகல்தானே" என்பது அங்கே பதிலாகாது.

ரேஞ்ச்மணி எழுதியது:

ஆன்லைன் என்றாலே ஏமாற்று என்று யாரும் நினைக்க வேண்டாம், அது மாநிலத்தைப் பொறுத்தது.

டெக்சஸில் லைசென்ஸ் டு கேரிக்கு வகுப்பறைப் பகுதியை டிபிஎஸ் (மாநிலப் பொதுப் பாதுகாப்புத் துறை) அங்கீகரித்த ஆன்லைன் நிறுவனத்திடம் முடிக்கலாம். ஆனால் ரேஞ்சுக்கு நேரில் போய்ச் சுட்டே ஆக வேண்டும். மொத்தம் 50 தோட்டா: 3 கஜத்தில் 20, 7 கஜத்தில் 20, 15 கஜத்தில் 10. பி-27 என்ற மனித உருவ இலக்கு, 250க்கு 175 எடுத்தால் தேர்ச்சி. பலர் கோட்டை விடுவது 15 கஜத்தில் இல்லை, 7 கஜத்தில். நேரக் கெடு வைத்துச் சுடச் சொல்லும்போது அவசரத்தில் ட்ரிகரை வெடுக்கென்று இழுத்து, குறி கீழே இடப்பக்கம் இறங்கிவிடும். 3 கஜத்தில் 20 தோட்டாவையும் நிதானமாக உள் வளையத்தில் போட்டுவிட்டாலே பாதித் தேர்வு முடிந்த மாதிரி.

டென்னசியில் இரண்டு வகை. 8 மணி நேர நேரடி வகுப்புக்கு என்ஹான்ஸ்டு பெர்மிட். 2020லிருந்து இருக்கும் கன்சீல்டு பெர்மிட்டுக்கு 90 நிமிட ஆன்லைன் வகுப்பே போதும். ஆனால் இந்த இரண்டாவதை எல்லா மாநிலமும் மதிப்பதில்லை. பயிற்சி குறைய குறைய பெர்மிட் செல்லும் தூரமும் குறையும். ஒஹாயோவில் 8 மணி நேரத்தில் பெரும்பகுதியை ஆன்லைனில் முடிக்கலாம், குறைந்தது 2 மணி நேரம் நேரில், சுட்டுப் பழகுவது உட்பட. கொலராடோ எதிர்த்திசையில் போனது: 2025 ஜூலை 1 முதல் 8 மணி நேர நேரடி வகுப்பு, எழுத்துத் தேர்வு, ரேஞ்ச் தேர்வு எல்லாம் கட்டாயம்.

யூட்டா பற்றி நிறையப் பேர் தப்பாகச் சொல்கிறார்கள். அங்கே சுட்டுக் காட்ட வேண்டியதில்லை என்பது உண்மை. அதை வைத்து "யூட்டா பெர்மிட் ஆன்லைனில் எடுக்கலாம்" என்று கிளப்பி விடுகிறார்கள். முடியாது. யூட்டா அரசின் பிசிஐ (குற்றப் பதிவுத் துறை) சான்று பெற்ற இன்ஸ்ட்ரக்டர் நேரில் நடத்த வேண்டும், மின்னணு வழியில் கூடாது என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. இன்னொரு முடிச்சும் உண்டு. உங்கள் சொந்த மாநிலம் யூட்டா பெர்மிட்டை ஏற்கும் மாநிலமாக இருந்தால், யூட்டாவுக்கு விண்ணப்பிக்குமுன் சொந்த மாநிலப் பெர்மிட் கையில் இருக்க வேண்டும். வர்ஜீனியா ஏற்கிறது. ஆகவே எப்படியும் உங்களுக்கு வர்ஜீனியாதான் முதல் படி.

வகுப்புக்குப் பணம் கட்டுமுன் இரண்டே கேள்வி கேளுங்கள்: "சான்றில் நேரடிப் பயிற்சி என்று வருமா?", "சுடுவது வகுப்பிலேயே உண்டா, தனிக் கட்டணமா?" மழுப்பினால் வேறு ஆளைப் பாருங்கள். வர்ஜீனியா வற்புறுத்தாவிட்டாலும் சுடும் பகுதி உள்ள வகுப்பையே எடுங்கள் என்பேன். பின்னால் ஃப்ளோரிடா லைசென்ஸ் வேண்டும் என்று தோன்றினால், இன்ஸ்ட்ரக்டர் கண் முன்னால் சுட்டிருக்க வேண்டும் என்று அங்கே கேட்பார்கள். ஒரே வகுப்பு இரண்டுக்கும் ஆகும்.

ஐ95_பயணி எழுதியது:

எடிசன் விஷயத்தில் வளைத்துப் பேசாமல் சொல்கிறேன்: துப்பாக்கியை வீட்டில் பூட்டிவிட்டுப் போங்கள்.

நியூஜெர்சி வேறெந்த மாநிலப் பெர்மிட்டையும் ஏற்காது. மேரிலாந்தும் ஏற்காது. நியூயார்க், கலிபோர்னியா, இல்லினாய், மாசசூசெட்ஸ் எல்லாம் இதே கூட்டம். 2022 ஜூனில் சுப்ரீம் கோர்ட், வெளியிடத்தில் துப்பாக்கி எடுத்துச் செல்வதும் உரிமையே என்ற புருயன் தீர்ப்பைக் கொடுத்தபின் இங்கெல்லாம் பெர்மிட் கொடுக்கும் முறைதான் மாறியது. அடுத்த மாநிலப் பெர்மிட்டை மதிக்க வேண்டும் என்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை. இதைக் குழப்பிக்கொண்டு வண்டி எடுப்பவர்கள் இருக்கிறார்கள்.

பெர்மிட் இல்லாமல் கைத்துப்பாக்கி வைத்திருப்பது நியூஜெர்சியில் இரண்டாம் நிலைக் குற்றம். 5 முதல் 10 ஆண்டு, கிரேவ்ஸ் சட்டப்படி 42 மாதம் பரோலுக்கே வழியில்லை. 2013ல் பென்சில்வேனியா லைசென்ஸ் வைத்திருந்த ஒரு பெண், சாதாரண வாகனச் சோதனையில் தானாகவே போலீஸிடம் லைசென்ஸைக் காட்டித் துப்பாக்கி இருப்பதைச் சொன்னார். கைதானார். 2015ல் கவர்னர் மன்னிப்பு கொடுத்த பிறகுதான் அந்த வழக்கு முழுதாகத் தீர்ந்தது. இப்படித் தெரியாமல் மாட்டும் வெளிமாநிலத்தவரிடம் கடுமை காட்ட வேண்டாம் என்று பிராசிக்யூட்டர்களுக்கு 2014ல் வழிகாட்டுதல் வந்தது. ஆனால் அது கைதுக்கு அப்புறம் கிடைக்கும் சலுகை. கிரீன் கார்டுக்காரருக்குக் கைதே பெரிய அடி. குடிவரவுச் சட்டத்தில் துப்பாக்கிக் குற்றத்துக்குத் தண்டனை கிடைத்தால் நாடு கடத்தத் தனிக் காரணமாகவே அது எழுதப்பட்டிருக்கிறது. குடியுரிமைக்கான என்-400 படிவத்திலும் கைதானதை மறைக்க முடியாது.

"1986 மத்தியச் சட்டம் இருக்கிறதே, பூட்டி எடுத்துப் போனால் தப்பில்லையே" என்று யாராவது சொல்வார்கள். அந்தச் சட்டத்தின் 926ஏ பிரிவு பாதுகாப்பது கடந்து போகிறவரைத்தான். புறப்படும் இடத்திலும் சேரும் இடத்திலும் நீங்கள் சட்டப்படி வைத்திருக்கவும் எடுத்துச் செல்லவும் உரிமை உள்ளவராக இருக்க வேண்டும். எடிசனே சேரும் இடமாக இருக்கும்போது அந்த நிபந்தனையே அடிபட்டுப் போகிறது. அங்கே எடுத்துச் செல்லவே வேண்டும் என்றால் வெளிமாநிலத்தவரும் நியூஜெர்சி ஸ்டேட் போலீஸிடம் பெர்மிட்டுக்கு விண்ணப்பிக்கலாம், அந்தப் பெர்மிட் 2 ஆண்டுதான் செல்லும். வார இறுதிக்கு அக்கா வீட்டுச் சாப்பாட்டுக்குப் போக அவ்வளவு பாடு தேவையா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

வடவர்ஜீனியா_வாசி:

விளக்கத்துக்கு நன்றி. எடிசனுக்கு எடுத்துப் போகவில்லை, முடிவு செய்தாயிற்று. ஆனால் நியூ ஹாம்ப்ஷயருக்கு ஒரு பயணம் இருக்கிறது, நியூஜெர்சியைக் கடந்துதான் போக வேண்டும். என் வண்டி எஸ்யூவி, தனி ட்ரங்க் இல்லை. எப்படிக் கட்டுவது?

ஐ95_பயணி எழுதியது:

நியூ ஹாம்ப்ஷயரில் 2017லிருந்து பெர்மிட்டே வேண்டாம். அதனால் இந்தப் பயணத்துக்கு 926ஏ பொருந்தும். கட்டும் விதம்:

துப்பாக்கியைக் காலி செய்து, சேம்பரை (தோட்டா உட்காரும் அறை) கண்ணாலும் விரலாலும் பாருங்கள். மேகசினிலும் தோட்டா இருக்கக் கூடாது. தோட்டாக்கள் கடைப் பெட்டியிலேயே இருக்கட்டும், வேறொரு பூட்டிய பெட்டியில். துப்பாக்கி கெட்டியான பெட்டியில், பூட்டோடு. தனி ட்ரங்க் இல்லாத வண்டிக்குச் சட்டம் சொல்வது: பூட்டிய பெட்டி, ஆனால் அது டாஷ்போர்டு அறையாகவோ கன்சோலாகவோ இருக்கக் கூடாது. கடைசி வரிசைக்குப் பின்னால், மற்ற சாமான்களுக்கு அடியில் வையுங்கள். ஓட்டுநர் இருக்கையிலிருந்து கை எட்டக் கூடாது. சாவி பெட்டியின் மேலேயே தொங்கக் கூடாது.

மறந்துபோவது மேகசின்தான். 926ஏயில் துப்பாக்கி என்றும் தோட்டா என்றும் இருக்கிறது, மேகசின் என்று ஒரு சொல்கூட இல்லை. நியூஜெர்சியில் 10 தோட்டாவுக்கு மேல் கொள்ளும் மேகசின் வைத்திருப்பதே குற்றம். நியூயார்க்கிலும் வரம்பு 10. உங்கள் 15 தோட்டா மேகசினை வீட்டில் வைத்துவிட்டு 10 தோட்டா மேகசின் இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஹாலோ பாயின்ட் (முனை குழிந்த) தோட்டாவுக்கும் நியூஜெர்சியில் தனிக் கட்டுப்பாடு உண்டு. இந்தப் பயணத்துக்குச் சாதாரண ஃபுல் மெட்டல் ஜாக்கெட் தோட்டா எடுத்துப் போவது தலைவலியைக் குறைக்கும்.

பெட்ரோல் போட, கழிவறைக்கு நிற்கலாம். இரவு தங்கக் கூடாது, "போகிற வழியில் எடிசனில் எட்டிப் பார்க்கிறேன்" என்பதும் கூடாது. விமானத்திலும் இதே ஆபத்துதான். நியூவர்க்கில் இணைப்பு விமானத்தைத் தவறவிட்ட ஒரு பயணி, செக்-இன் பெட்டியைக் கையில் வாங்கிக்கொண்டு ஹோட்டலில் தங்கினார். மறுநாள் காலை விமான நிலையத்தில் துப்பாக்கி இருப்பதைச் சொன்னதும் கைது. 2010ல் மூன்றாம் சர்க்யூட் கோர்ட், பெட்டி கைக்கு எட்டும் இடத்துக்கு வந்தபோதே 926ஏ பாதுகாப்பு போய்விட்டது என்று தீர்ப்புச் சொன்னது. அப்படி நேர்ந்தால் பெட்டியைக் கையில் வாங்காதீர்கள்.

லவுடனிலிருந்து நீங்கள் வடக்குப் பக்கப் பாலத்தில் பொட்டோமாக்கைக் கடப்பீர்கள் என்று நினைக்கிறேன். அலெக்சாண்ட்ரியா பக்கமாகப் போகிறவர்களுக்கு ஒரு வேடிக்கை: வில்சன் பாலத்தில் சில நூறு அடி டிசி எல்லைக்குள் போகிறது. துப்பாக்கியை மேரிலாந்தில் நுழைந்தபின் பெட்டியில் வைக்கலாம் என்று நினைக்காமல் வர்ஜீனியாவிலேயே வைத்துப் பூட்டிவிடுங்கள்.

பூவிழி எழுதியது:

தம்பி பற்றிய கேள்விக்கு யாரும் வரவில்லை, ஆனால் இதுதான் எல்லாவற்றையும்விட அவசரமானது.

எச்1பி, எச்-4, எல்-1, எஃப்-1 எல்லாமே நான்-இமிக்ரன்ட், அதாவது தற்காலிக, விசா. 18 யுஎஸ்சி 922(ஜி)(5)(பி) பிரிவின்படி இந்த விசாவில் வந்தவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது. "வைத்திருப்பது" என்றால் சொந்தமாக வாங்குவது மட்டும் இல்லை. ரேஞ்சில் வாடகைத் துப்பாக்கியைக் கையில் எடுத்து நான்கு குண்டு சுடுவதும் அதில் சேரும். அண்ணன் துப்பாக்கி, அண்ணன் பக்கத்திலேயே நின்றார் என்பதெல்லாம் காப்பாற்றாது. டெக்சஸில் பெர்மிட் வேண்டாம் என்பதும் காப்பாற்றாது, ஏனென்றால் இது மத்தியச் சட்டம்.

விதிவிலக்குகளில் இவருக்கு நடைமுறையில் உதவக்கூடியது ஒன்றுதான்: ஏதாவது ஒரு மாநிலத்தின் செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ். காலாவதியாகாமல் இருக்க வேண்டும், ரேஞ்சுக்குப் போகும் அன்றே கையில் இருக்க வேண்டும். அடுத்த நாள் வாங்கிக்கொள்ளலாம் என்பது ஆகாது. அந்த லைசென்ஸ் மத்தியத் தடையைத்தான் நீக்கும், கேரி பெர்மிட்டுக்கு வழி செய்யாது. உதாரணமாக வர்ஜீனியாவில் கிரீன் கார்டு இல்லாத வெளிநாட்டவருக்குப் பெர்மிட்டே கிடையாது. ரேஞ்சில் நுழையும்போது கொடுக்கும் படிவத்தில் விசா பற்றிக் கேட்டால் உள்ளதை எழுதச் சொல்லுங்கள். வேட்டை லைசென்ஸ் இல்லையென்றால் தம்பி கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கட்டும்.

உங்கள் வீட்டில் தம்பி வந்து தங்கும்போதும் துப்பாக்கி அவருக்குச் சாவி தெரியாத பெட்டியில் இருக்க வேண்டும். அவர் கட்டுப்பாட்டில் இருந்ததாகக் கருத இடம் கொடுக்காதீர்கள்.

சட்டப்புள்ளி எழுதியது:

பூவிழி சொன்னதை இரண்டு முறை படியுங்கள். டல்லஸ் பாதை பற்றி மீதி இருப்பதைச் சொல்லிவிடுகிறேன்.

டென்னசி எல்லா மாநிலப் பெர்மிட்டையும் ஏற்கிறது. டெக்சஸ் வர்ஜீனியா பெர்மிட்டை ஏற்கிறது. டென்னசி, ஆர்கன்சா, டெக்சஸ் மூன்றிலும் 21 வயதுக்கு மேல், சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கத் தகுதியுள்ளவர் பெர்மிட் இல்லாமலும் எடுத்துச் செல்லலாம். ஆகவே பாதை சுத்தம்தான். ஆனாலும் பெர்மிட்டைக் கையில் வைத்திருப்பதற்கு டெக்சஸிலேயே காரணம் இருக்கிறது. அங்கே வாசல் பலகைகள் தனித்தனி: 30.05 பெர்மிட் இல்லாமல் எடுத்துச் செல்பவரைத் தடுக்கும், 30.06 லைசென்ஸ்காரர் மறைத்து எடுத்துச் செல்வதைத் தடுக்கும், 30.07 வெளியே தெரியும்படி வைப்பதைத் தடுக்கும். சிவப்பில் 51% என்றிருக்கும் மதுக்கடைக்குள் யாருக்கும் அனுமதியில்லை. வெறும் 30.05 மட்டும் மாட்டியிருக்கும் கடையில் உங்கள் வர்ஜீனியா பெர்மிட் உதவும்.

பள்ளிக்கூட விஷயம் இன்னும் நுணுக்கம். மத்தியச் சட்டப்படி பள்ளி எல்லையிலிருந்து 1000 அடிக்குள் துப்பாக்கி கூடாது. லைசென்ஸ்காரருக்கு விலக்கு உண்டு, ஆனால் "அந்தப் பள்ளி இருக்கும் மாநிலம் கொடுத்த லைசென்ஸ்" என்றுதான் சட்டத்தில் இருக்கிறது. டெக்சஸ் உங்கள் வர்ஜீனியா பெர்மிட்டை ஏற்பதால் அது டெக்சஸ் கொடுத்ததாகிவிடாது என்பது துப்பாக்கிச் சட்டங்களைக் கவனிக்கும் மத்திய அமைப்பான ஏடிஎஃப்பின் நிலைப்பாடு. ஊருக்குள் எந்தச் சாலையில் போனாலும் ஏதாவது ஒரு பள்ளியின் 1000 அடிக்குள் வந்துவிடுவீர்கள். காலி செய்து பூட்டிய பெட்டியில் வைத்திருந்தால் தப்பில்லை. டல்லஸுக்கு அடிக்கடி போகிறவர் டெக்சஸ் லைசென்ஸையே எடுத்துவிடலாம், வெளிமாநிலத்தவருக்கும் கொடுக்கிறார்கள், புதிதாக எடுக்கக் கட்டணம் 40 டாலர். ரேஞ்ச்மணி சொன்ன 50 தோட்டாத் தேர்வு அங்கேதான் வரும். ஒரு முறை போகிறவர் ஊருக்குள் நுழையுமுன் காலி செய்து பூட்டிவிட்டால் போதும்.

இணையத்தில் சுற்றும் மேப்களை நம்பி வண்டி எடுக்க வேண்டாம். உங்கள் பெர்மிட் எங்கே செல்லும் என்பதைக் கொடுத்த மாநிலம் தீர்மானிப்பதில்லை, நீங்கள் நிற்கும் மாநிலம் தீர்மானிக்கிறது, அதுவும் மாறும். 2015 டிசம்பரில் வர்ஜீனியா அட்டர்னி ஜெனரல் 25 மாநிலங்களின் பெர்மிட்டை இனி ஏற்பதில்லை என்று அறிவித்தார். அடுத்த மாதமே கவர்னரும் சட்டமன்றமும் உடன்பாடு செய்து அதைத் தலைகீழாக்கினார்கள். அந்த இடைவெளியில் அச்சான மேப் எல்லாம் குப்பை. கொலராடோ, மிச்சிகன் மாதிரி மாநிலங்கள் ஒருவரின் சொந்த மாநிலப் பெர்மிட்டை மட்டும் ஏற்கும். வர்ஜீனியாவிலிருந்து வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால் பழைய பெர்மிட்டின் தேதி முடியாவிட்டாலும் அங்கே அது செல்லாது. புறப்படும் வாரம் போகும் மாநிலத்தின் ஸ்டேட் போலீஸ் அல்லது அட்டர்னி ஜெனரல் இணையதளத்தில் பட்டியலைப் பார்த்து, தேதி தெரியும்படி பிரின்ட் எடுத்துப் பெர்மிட்டோடு வைத்துக்கொள்ளுங்கள்.